முல்லையாற்றின் போக்கில் ஒரு தரிசனம்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் கோயில்களை முல்லையாறு இறங்கி வரும் வழியிலேயே வணங்கிக்கொண்டு வர வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் வேண்டுதல். ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் விடிவதற்குள் லோயர் கேம்ப்பில் இறங்கியபோது, மலைமுகட்டை மேகம் மூடியிருந்தது; ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

முதலில் வணங்கியது அங்குள்ள பென்னிகுவிக் மணிமண்டபத்தில். மேற்கே அரபிக்கடலுக்குச் சென்றுகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பிய பணி 1895-ல் நிறைவேறியது. அதற்குத் தலைமை தாங்கிய அந்தப் பொறியாளரின் படம் இப்பகுதி வீடுகளில் சாமி படங்களோடு சேர்ந்தே மாட்டப்பட்டிருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று ஊர் ஊராகப் பொங்கல் வைக்கிறார்கள். இதை மிகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இந்த நீரை நம்பியே இருபோகம் நெல் விளைகிறது.

கம்பத்தைக் கடந்ததும் சாலையின் இருமருங்கிலும் திராட்சைப் பந்தல்கள். அவற்றுக்கு அப்பால் நடவுக்கு உழுது பரம்படித்த வயல்கள். உத்தமபாளையத்தில் காளாத்தீசுவரரை வணங்கிவிட்டு, உச்சிக்கால பூசைக்குள் சின்னமனூர் சேர்ந்தேன்.

பாண்டியர் காலத்தில் அரிகேசரிநல்லூர் என்று வழங்கிய ஊர் இது. மகாபாரதத்தைத் தமிழில் பெயர்த்ததையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாண்டியரின் பெருமையாகக் குறிப்பிடும் செப்பேடு, இவ்வூரின் பெயராலேயே சின்னமனூர்ச் செப்பேடு என்று அறியப்படுகிறது. பத்தாம் நூற்றாண்டில் இராசசிம்ம பாண்டியன் வெளியிட்ட அந்த ஏட்டைப் பற்றிப் படித்திருந்த எனக்கு, ஆற்றங்கரையில் அமர்ந்திருக்கும் பூலாநந்தீசுவரர் கோயிலுக்குள் நுழைந்தபோது உடல் சிலிர்த்தது. பூலா மரத்தடியில் வெளிப்பட்டவர் என்பதால் சுவாமிக்கு இத்திருநாமம். வானளாவ வளர்ந்த இறைவனை மன்னன் ஆரத் தழுவ, அவனது அணைப்புக்கு அடங்கும் அளவுக்குத் தம்மைச் சுருக்கிக்கொண்டார் என்கிறது தலபுராணம். தீபாராதனை ஒளியில் அத்திருமேனியைக் கண்டபோது, பக்தனின் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவே இறைவன் குறுகி நின்றான் என்ற எண்ணம் என்னைக் கலங்கச் செய்தது.

அருகிலுள்ள குச்சனூரில் சுரபி நதியில் கால் நனைத்து, மஞ்சள் காப்பில் சுயம்புவாக விளங்கும் சனீசுவரரை வணங்கினேன். ஆடிச் சனிக்கிழமைகளில் நெருங்க முடியாத சன்னதியில் அன்று நிதானமாக நிற்க முடிந்தது.

வீரபாண்டிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பார்வை இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் கௌமாரியம்மனையும் கண்ணீசுவரரையும் வழிபட்டுக் கண்ணொளி பெற்றான் என்பது இத்தலத்தின் வரலாறு. சித்திரைத் திருவிழாவில் திருக்கம்பம் நட்டு, பக்தர்கள் முல்லையாற்றிலிருந்து நீர் எடுத்து வந்து அதற்கு ஊற்றுவார்கள். அக்கினிச்சட்டி ஏந்தி வருவோரின் வரிசை இரவும் பகலும் நீளும்.

அன்று கூட்டமில்லை. எனக்கு முன்னால் நின்ற மூதாட்டியின் கையில் ஒரு நாற்றுமுடி இருந்தது. அதன் வேரிலிருந்து சேற்றுநீர் கல்தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பூசாரி அதை வாங்கி அம்மன் பாதத்தில் வைத்து, குங்குமம் இட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு நடவு, ஆத்தா" என்று அம்மனிடம் சொன்ன மூதாட்டி, என் பக்கம் திரும்பி, "இந்த முடியத்தான் மொதல்ல ஊனணும், தம்பி" என்றார்.

சேலைத் தலைப்பால் நாற்றை மூடிக்கொண்டு அவர் ஆற்றங்கரைப் பாதையில் நடந்தார். நான் படித்துறையில் இறங்கி, வைகையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அந்த நீரை இரு கைகளாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன்.