அப்பா பெயரில் இரண்டு வருடம்

பிலிப்பைன்ஸின் சான் பாப்லோவில், சபை ஊழியத்துக்குப் போன நான் முதன்முதலாக நின்ற வாசலில் ஒரு குழந்தை என்னைப் பார்த்ததும் "பும்பாய்!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடியது. ஜன்னல் திரையை யாரோ இழுத்து மூடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே குழந்தை எட்டிப் பார்த்து, அம்மா வீட்டில் இல்லையாம் என்றது. கூட நின்ற என் கம்பேனியன், அதாவது ஊழியத்தில் எனக்கு ஜோடியாக வந்தவர், செபு தீவுக்காரர். சிரிப்பை மறைக்கக் குடையை விரித்துக்கொண்டார்.

பிலிப்பைன்ஸ் சிற்றூர்களில் இந்திய முகம் (அவர்கள் வாயில் 'பும்பாய்') என்றால் மோட்டார் சைக்கிளில் வந்து வட்டி வசூலிக்கிற ஆள்தான் நினைவுக்கு வருவார். ஐந்து வாங்கினால் ஆறாகத் தர வேண்டும், அதனால் தொழிலுக்குப் பெயரே 'ஃபைவ் சிக்ஸ்'. செய்கிறவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள். அடம்பிடிக்கும் பிள்ளைகளை 'பும்பாய் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவான்' என்று மிரட்டுவார்களாம், நம் ஊர்ப் பூச்சாண்டி மாதிரி. எங்கள் சபையின் ஊழியம் அங்கே 1961-லேயே தொடங்கிவிட்டது. வெள்ளைச் சட்டை, டை, ஜோடியாக நடக்கும் பையன்கள் எல்லாம் அவர்களுக்குப் பழகிப்போன காட்சி. அதற்குள் இப்படி ஒரு கோயம்புத்தூர் முகம் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்க்கவில்லை.

நாங்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஊர் சொல்லும் பெயர் மார்மன். நாங்கள் என்றால் அம்மாவும் நானும். அப்பா தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். 2022-ல் நான் ஊழியத்துக்கு விண்ணப்பித்தேன். மருத்துவச் சான்று, பல் மருத்துவர் (கடைவாய்ப் பல் ஒன்று போயிற்று), கிளைத் தலைவரின் நேர்காணல் என்று சில மாதம் ஓடியது. ஆண்களுக்கு இரண்டு வருடம். சம்பளம் கிடையாது. என் சேமிப்பும் அம்மாவின் சீட்டுப் பணமும் போக மீதியைச் சபை பார்த்துக்கொண்டது. எந்த ஊருக்குப் போவது என்று நாம் கேட்க முடியாது. அழைப்பு வந்த அன்று அப்பா பேப்பரை மடக்காமலே, "மூணு நாள்ல நான் பழனிக்கு நடந்துட்டு வந்துருவேன். உனக்கு ரெண்டு வருசமா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மணிலா பயிற்சி மையத்தில் சட்டையில் குத்திக்கொள்ளக் கறுப்புப் பெயர்ப் பட்டை ஒன்று தந்தார்கள். ஊழியக்காரரைக் குடும்பப் பெயரால்தான் அழைப்பார்கள், முன்னால் எல்டர் என்று சேர்த்து. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருந்தது. அப்பாவுக்கு முருகன் பெயர். ஆக மேலே முருகன், கீழே பெரிய எழுத்தில் இயேசு கிறிஸ்து என்று இரண்டு வருடம் சட்டைப் பையில் குத்திக்கொண்டு நடந்தேன். எல்டர் என்றால் மூத்தவர். இருபது வயதுப் பையனை அப்படிக் கூப்பிடுவதே வேடிக்கை, அதிலும் அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டால் முதல் மாதமெல்லாம் அவர் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். குளியலறை தவிர எங்கேயும் தனியாக இருக்கக் கூடாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஊரோ துணையோ மாறலாம். திங்கட்கிழமை துணி துவைக்க, வீட்டுக்குப் பேச. 2019-க்கு முன்னால் போனவர்கள் வருடத்துக்கு இரண்டு முறைதான் வீட்டுக்குப் பேசியிருக்கிறார்கள். நானாக இருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

தகாலோக் மொழி பயந்த அளவுக்குப் படுத்தவில்லை. வாசலில் நின்று "தாவ் போ" என்று குரல் கொடுக்க வேண்டும். தாவ் என்றால் மனுசன், போ என்பது மரியாதைக்கு. 'மனுசன் வந்திருக்கேனுங்க' என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் போவை எங்கே போடுவது என்று மற்ற எல்டர்கள் திணறியபோது எனக்கு மட்டும் தடுமாற்றமே இல்லை. எங்கள் பக்கம் 'ங்க' போடுகிற இடத்திலெல்லாம் போட்டேன், சரியாக இருந்தது.

சம்பலோக் ஏரிக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு பாட்டி எங்களை உள்ளே அழைத்தார். அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்து ஆசி வாங்கினேன், அங்கே அதுதான் வழக்கம். காபி வேண்டாம் என்றதும் மைலோ கலக்கினார். அப்புறம் கோழி சூப் வந்தது. கரண்டியில் ஒட்டியிருந்த பச்சை இலையை விரலால் எடுத்துப் பார்த்தேன். முருங்கைக்கீரை! "மலுங்காய்" என்றார் பாட்டி. "முருங்கை" என்றேன். அவர் சிரித்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். ஜெபம் முடிந்து கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்: "உங்க ஆளுகிட்ட சொல்லி ஒரு வாரம் தவணை வாங்கித் தருவீங்களா?"

எத்தனை பேரைச் சபையில் சேர்த்தாய் என்று கேட்பவர்களுக்கு: ஒரு கையில் எண்ணினாலே விரல் மிச்சம். நான்காவது மாதம் விடாத மழை, ஷூ காயவே இல்லை, கம்பேனியனோடு மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. திங்கட்கிழமை அழைத்தபோது அம்மா கோயிலுக்கு (எங்கள் சபைக்கூடத்தைத்தான் சொல்கிறேன்) போயிருந்தார். அப்பா எடுத்தார். திரும்பி வந்துவிடுகிறேன் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "கால் கொப்புளிச்சுதுன்னு மடத்துக்குளத்துல பஸ் ஏறுனா அதுக்குப் பேரு யாத்திரையா?" என்று சொல்லிவிட்டு, அங்கே மழை எப்படி என்று விசாரித்தார்.

2024-ல் ஊர் திரும்பினேன். ஊழியத்திலிருந்து விடுவித்ததும் பட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றி மேசைமேல் வைத்தேன். அப்பா எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"எம் பேர்ல ஒரு எழுத்து குறையுதே."

"பாஸ்போர்ட்லயே அப்படித்தானுங்கப்பா."

"ரெண்டு வருசம் தப்பாவே கூப்பிட்டிருக்கானுங்க" என்றபடி அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.