ஒக்டோபரில் எங்கள் வீட்டுக்கு மட்டும் நேரம் மாறும்

இலங்கையில் கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று கிடையாது. ஆண்டு முழுவதும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில், நல்லூருக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் வீட்டில் ஆண்டுக்கு இரண்டு தடவை நேரம் மாறும். ஒக்டோபர் முதல் ஞாயிறன்று அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். ஏப்ரல் முதல் ஞாயிறன்று பழையபடி பின்னே இழுக்கும். நான் வேலை செய்வது மெல்பேர்ணில் உள்ள ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்குப் பிரிவில். அங்கே காலை 9 மணி என்றால் அவர்களுடைய குளிர்காலத்தில் எனக்கு இங்கே 4.30. கோடையில் 3.30.

மாமி தனியாக இருந்தார், இவர் ஒரே மகன். அதனால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மெல்பேர்ணிலிருந்து வந்துவிட்டோம். பிள்ளைகளுக்கு இது புதிய நாடு என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்குகிறது. எனக்கும் அப்படித்தான் என்றால் சிரிக்கிறார்கள். 1995 இடம்பெயர்வில் யாழ்ப்பாணத்தின் இந்த வலிகாமப் பகுதியை விட்டுப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வயதில் விட்டுப்போன ஊரில் நாற்பது வயதில் வந்து வீடு நடத்தத் தெரியுமா? சந்தைக்கு எத்தனை மணிக்குப் போனால் நல்ல கீரை கிடைக்கும், யார் வந்தால் தேநீர் மட்டும் போதும், யாரைச் சாப்பிடாமல் அனுப்பக்கூடாது, எல்லாவற்றையும் மாமியிடம் கேட்டுத்தான் செய்கிறேன்.

அதிகாலையில் எழுவது மட்டும் எனக்குப் பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். மெல்பேர்ணின் புறநகரான டண்டினோங்கில் இருந்த காலத்திலும் 5 மணிக்கு எழுவேன். இவருக்குத் தொழிற்சாலையில் காலை வேலை. ஜூலை மாதத்தில் கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் புறப்படுவார். அந்த நேரத்தில் தெருவில் ஒரு மனிதரும் இருக்கமாட்டார். அங்கே அதிகாலை என்பது தனிமனிதச் சாதனை. ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று சொல்லும் புத்தகங்கள் கடையில் அடுக்கடுக்காக இருக்கும். அலுவலகத்திலும் எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று சொல்லிக் காட்டுபவர்கள் உண்டு.

யாழ்ப்பாணத்தில் அதை யாரிடம் சொல்லிக் காட்டுவது? நான் எழும்போது கோண்டாவில் பக்கத்துத் தோட்டக்காரர் வெயில் ஏறும் முன்பே வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறத் தயாராகிவிடுவார். பாசையூர், குருநகர்க் கரையில் படகுகளை எதிர்பார்த்து வியாபாரிகள் நிற்பார்கள். பேக்கரிகளில் பாண் வெந்துகொண்டிருக்கும். இவர்களில் ஒருவரும் அதிகாலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அது அவர்களுக்கு வேலை தொடங்கும் நேரம், அவ்வளவுதான்.

இருந்தாலும் என் அறை விளக்கு அயலைக் கலக்கிவிட்டது. தோட்டத்தில் டோர்ச் வெளிச்சம் தெரிந்தால் அதில் புதினம் இல்லை. வீட்டுக்குள் அதிகாலை மூன்று மணிக்கு விளக்கு எரிந்தால் யாருக்கோ கடும் வருத்தம், அல்லது அதைவிடப் பெரிய செய்தி. முதல் ஒக்டோபரில் எதிர்வீட்டு அக்கா விடிந்ததும் விடியாததுமாகப் படலையைத் திறந்துகொண்டு வந்து, "மாமிக்குச் சுகமில்லையா பிள்ளை?" என்று கேட்டார். மாமி உள்ளே இருந்து, "நான் கல்லுப்போல இருக்கிறேன், மருமகளுக்குத்தான் கம்பியூட்டர் வருத்தம்" என்றார். ஆனால் அவரும் முதல் சில வாரங்கள் என் அறை யன்னலை இரவில் வந்து இறுக்கிச் சாத்திவிட்டுத்தான் போவார். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்பது ஊரடங்குக் காலத்தில் உடம்பில் ஊறிய பழக்கம். இப்போது பச்சைத் திரைச்சீலை போட்டிருக்கிறோம்.

நேரம் மாறுவதைப் பற்றி அவருக்கு விளக்கவே தேவைப்படவில்லை. இலங்கையும் ஒரு காலத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறது. 1996இல் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தபோது, மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசாங்கம் மணிக்கூட்டை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, பிறகு அதில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பி வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஒரே தீவுக்குள் இரண்டு நேரம். யாராவது வருகிறோம் என்றால், பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுத்தான் சமைத்தோம் என்று மாமி சொல்வார். மெல்பேர்ண் நேரத்தை அவர் இப்போது "உன்னுடைய புதிய நேரம்" என்கிறார்.

நாள் இப்படித்தான் ஓடும். குளிர்கால மாதங்களில், அதாவது இங்கே வெயில் கொளுத்தும் ஜூன், ஜூலையில், வேலைக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக எழுவேன். கிணற்றடியில் முகம் கழுவினால் தண்ணீர் காற்றைவிட இளஞ்சூடாக இருக்கும். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து மாமி இடித்து வைத்திருக்கும் கோப்பித்தூளில் ஒரு கோப்பை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வேலை. முதல் ஒன்றரை மணி நேரம்தான் நாளின் நல்ல பகுதி, கணக்குகளைப் பிழையில்லாமல் பார்த்து முடிக்கலாம். ஆறு மணிக்கு ஊர் உள்ளே வந்துவிடும். பாண் விற்கும் ஓட்டோ பேத்தோவனின் மெட்டை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பும். மெல்பேர்ணில் அது பத்தரை மணிக் கூட்டம். ஒலிவாங்கியை அணைக்க நான் எவ்வளவு விரைந்தாலும் ஒரு துண்டு போய்ச் சேர்ந்துவிடும். அங்கே ஒரு பெண், உங்கள் வீட்டில் யாரோ பியானோ பழகுகிறார்களே, நன்றாக முன்னேறவில்லை போலிருக்கிறது என்று கேட்டாள். நான் திருத்தவில்லை.

அங்கத்தைய மதியச் சாப்பாட்டு இடைவேளைதான் எனக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் நேரம். இங்கே பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்கும். வெள்ளைச் சீருடை, ரிபன் கட்டிய இரட்டைப் பின்னல், இடியப்பம், சம்பல், சொதி எல்லாம் அதற்கு முன் முடிய வேண்டும். இடியப்பத்தை மூன்றாம் வீட்டு அக்காவிடம் வாங்குகிறோம், சொதி மாமி. பின்னல் மட்டும் நான், ஏனென்றால் இவர் போட்டுவிடும் பின்னல் பள்ளிக்கூட வாசல்வரை நிற்பதில்லை. வீடு திரும்பிக் கணினி முன் அமர்ந்தால் பன்னிரண்டரைக்கு வேலை முடிந்துவிடும். பிள்ளைகள் வந்து சாப்பிட்டதும் ஊரோடு சேர்ந்து நானும் உறங்குவேன். மத்தியானத் தூக்கத்தைச் சோம்பல் என்று மெல்பேர்ணில் கற்றுக்கொண்ட எனக்கு, அந்த ஒன்றரை மணி நேரம் இல்லாமல் இப்போது ஒரு நாளும் நடக்காது.

சிக்கல் காலையில் இல்லை, இரவில்தான். மூன்றே முக்காலுக்கு எழ வேண்டியவள் ஒன்பது மணிக்காவது படுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒன்பது மணி என்பது உறவினர் பேச உட்காரும் நேரம். பகல் வெயிலில் யாரும் வரமாட்டார்கள். விளக்கு வைத்து, கோயிலுக்குப் போய் வந்து, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். அதுவும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள் என்றால் ஒருமுறையாவது பார்த்துவிட்டுப் போக வேண்டும். அருகில் ஒரு கோயிலில் திருவிழா என்றால் நாதஸ்வரமும் தவிலும் நள்ளிரவு தாண்டியும் கேட்கும். அருமையான வாசிப்புத்தான், ஆனால் தலையணைக்குள் தலையைப் புதைத்துக் கேட்பதற்கு அல்ல.

தொடக்கத்தில், எனக்கு அதிகாலையில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் மதிக்கவில்லை. அதிகாலையில் யாருக்குத்தான் வேலை இல்லை? பெரிய மனிதர்கள் போல வாசலில் அறிவிப்பு மாட்டவும் முடியாது. மாமிதான் வழி கண்டுபிடித்தார். "மருமகளுக்கு இரவு வேலை, இப்போது போய்விடுவாள்" என்று வருபவர்களிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரித் தாதியர்களால் இரவு வேலை என்பதற்கு இங்கே ஒரு மரியாதை இருக்கிறது. உடனே எழுந்து, "நீ போய்ப் படு பிள்ளை, நாங்கள் மாமியோடு பேசிக்கொண்டிருக்கிறோம்" என்கிறார்கள். பேசுவது என்னைப் பற்றித்தான் என்று கதவுக்கு அப்பாலிருந்து கேட்கும், பரவாயில்லை.

மகள் ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டு. அவளுடைய தோழிகள் சிலர் பள்ளிக்கூடத்துக்கு முன்பே, ஆறு மணிக்கே ரியூசனுக்குப் போகிறார்கள். அனுப்பச் சொல்லி மாமியும் இவரும் ஒரே குரலில் நின்றார்கள், அது அபூர்வம். நான் மறுத்துவிட்டேன். வீட்டில் ஒருவர் இருட்டில் எழுந்தால் போதும். பத்து வயதுப் பிள்ளை புத்தகப் பையோடு அரைத்தூக்கத்தில் சைக்கிளின் பின்னால் இருந்து போவதை வீதியில் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுதினால் அயலில் பாதிப் பேர் என்னோடு பேசமாட்டார்கள். மகள் மாலை வகுப்புக்குப் போகிறாள். புள்ளிகள் குறைந்தால் பழி யார் மேல் விழும் என்று தெரியும்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கடினமான மாதங்கள். மெல்பேர்ண் என்னை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் அதே நாட்களில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும். மின்னல் இடித்தால் மின்சாரம் போகும். யூ.பி.எஸ். பெட்டி ஒன்று இணையத்தை ஒரு மணி நேரம் தாங்கும், அதற்குமேல் கைத்தொலைபேசிதான். மாமி தன் பங்குக்கு, "பனி படும், தலைக்குத் துவாய் கட்டு" என்று தூக்கத்திலேயே சொல்வார். உறைபனியைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இது என்ன பனி என்று முதல் வருடம் நினைத்தேன். இரண்டாம் வருடம் நானே துவாயைத் தேடினேன்.

ஆனால் மார்கழியில் திருவெம்பாவை நாட்கள் வரும். அந்தப் பத்து நாட்களும் விடிவதற்கு வெகு முன்பே சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, பாடிக்கொண்டு பொடியன்கள் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் ஊரை எழுப்புவார்கள். ஆண்டு முழுவதும் நான் ஊரின் நேரத்துக்கு ஓடிப்பிடிக்க, அந்தப் பத்து நாள் மட்டும் ஊர் என் நேரத்துக்கு வரும். எதிர்வீட்டு அக்கா படலையடியில் விளக்கோடு நின்று, என் யன்னலைப் பார்த்துத் தலையாட்டுவார். அலுவலகத்தில் நத்தார் விடுமுறை தொடங்கும் முன் சம்பளக் கணக்கை முடிக்கும் அவசரம், வெளியே சங்கு. பிழை வராமல் இருந்ததே பெரிய காரியம்.

வரும் ஒக்டோபருக்கு, அங்கே காலை 10 மணிக்குத் தொடங்க அனுமதி கேட்டிருந்தேன். சம்மதித்துவிட்டார்கள். சம்பளம் போடும் வியாழக்கிழமைகளில் மட்டும் 9 மணிக்கே இருக்க வேண்டுமாம். புதன் இரவுகளில் எங்கள் வீட்டுக்கு யாரும் வரக்கூடாது என்று மாமி இப்போதே ஊருக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்.