மகனுக்கு விருத்தசேதனம் செய்வதா, வேண்டாமா: நாங்கள் முடிவெடுத்த விதம்

பிரசவத்துக்குப் பதிவு செய்தபோது மருத்துவமனையில் ஒரு நீளமான படிவம் கொடுத்தார்கள். தடுப்பூசி, வைட்டமின் கே ஊசி எல்லாம் கேட்டுவிட்டு அடியில் ஒரு வரி: ஆண் குழந்தை என்றால் விருத்தசேதனம் (ஆண்குறியின் முன்தோலை வெட்டி நீக்குவது) செய்ய வேண்டுமா? பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். என் கணவர் யோசிக்காமல் பேனாவை 'ஆம்' பக்கம் கொண்டுபோனார். நான் "இல்லை" என்றேன். அதுவரை இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அந்த வரியை மட்டும் காலியாக விட்டுவிட்டு வந்தோம்.

இருவருமே கிறிஸ்தவ விசுவாசத்தில் வளர்ந்தவர்கள். அதனால் முதலில் எழுந்த கேள்வி, வேதம் என்ன சொல்கிறது என்பதுதான். கேட்காமலே பதில் சொல்ல வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். மாமியாருக்குச் செய்தே ஆகவேண்டும். "ஆபிரகாமுக்குக் கர்த்தர் கொடுத்த உடன்படிக்கையின் அடையாளம் அது. இயேசுவுக்கே எட்டாம் நாளில் செய்தார்களே, நம் பிள்ளைக்கு என்ன?" என்றார். ஆதியாகமம் 17, லூக்கா 2:21 இரண்டுமே அவர் விரல்நுனியில் இருந்தன. என் அண்ணன் நேர் எதிர். "கலாத்தியர் 5-ஐ எடுத்துப் படி. விருத்தசேதனம் செய்துகொண்டால் கிறிஸ்துவினால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பவுல் எழுதியிருக்கிறார். செய்தால் விசுவாசத்தையே மறுதலித்த மாதிரி" என்று பயமுறுத்தினான்.

சரி, நாமே படித்துவிடுவோம் என்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தோம். அப்போஸ்தலர் 15-ல் பிரச்சினை அப்பட்டமாக இருக்கிறது. யூதேயாவிலிருந்து வந்த சிலர், விருத்தசேதனம் செய்யாவிட்டால் இரட்சிப்பு இல்லை என்று அந்தியோகியா சபையில் போதிக்கிறார்கள். விவகாரம் எருசலேமுக்குப் போகிறது. பேதுரு எழுந்து பேசுகிறார், யாக்கோபு முடிவு சொல்கிறார். புறஜாதியிலிருந்து, அதாவது யூதரல்லாதவர்களிலிருந்து வந்த விசுவாசிகளுக்கு ஒரு கடிதம் போகிறது. விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெரிக்கப்பட்டுச் செத்தது, வேசித்தனம் ஆகிய நான்குக்கும் விலகியிருங்கள் என்கிறது அந்தக் கடிதம். விருத்தசேதனம் அந்தப் பட்டியலில் இல்லை. மாமியாரின் வாதம் அங்கேயே விழுந்துவிட்டது.

ஆனால் அடுத்த அதிகாரத்தைப் புரட்டினால் அண்ணனின் வாதமும் நிற்கவில்லை. அப்போஸ்தலர் 16:3-ல் அதே பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்விக்கிறார். தாய் யூதப் பெண், தகப்பன் கிரேக்கன், போகிற இடமெல்லாம் யூதர்கள், ஊழியத்துக்காகச் செய்கிறார். கிரேக்கனான தீத்துவை மட்டும் எவரும் கட்டாயப்படுத்த விடவில்லை என்று கலாத்தியர் 2-ல் வருகிறது. செய்தால்தான் தேவனுக்கு முன் நீதிமான் ஆவோம் என்று நம்பிச் செய்வதைத்தான் அவர் அத்தனை கோபமாக எதிர்த்தார். 1 கொரிந்தியர் 7-ல் இன்னும் நேராகவே சொல்லிவிடுகிறார்: விருத்தசேதனமும் ஒன்றுமில்லை, விருத்தசேதனமில்லாமையும் ஒன்றுமில்லை.

எதற்கும் போதகர் ஐயாவையும் கேட்டோம். அவர் கொலோசெயர் 2-ஐக் காட்டி, விருத்தசேதனத்தின் இடத்தில் நமக்கு ஞானஸ்நானம் இருக்கிறது என்றார். எல்லாச் சபைகளும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதையும் ஒளிக்கவில்லை. எகிப்தின் காப்டிக் சபையாரும் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இன்றும் ஆண் பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள்; கத்தோலிக்கத் திருச்சபையிலோ 1442-ல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் கிறிஸ்தவர்கள் இதைச் செய்யக்கூடாது என்று கட்டளையே போட்டது. கடைசியில் அவர் சொன்னதுதான் எங்களுக்கு மிகவும் உதவியது: "இரட்சிப்புக்காக என்றால் செய்யாதீர்கள். உடம்புக்காக என்றால் டாக்டரைக் கேளுங்கள், என்னை ஏன் கேட்கிறீர்கள்?"

அதன்பிறகும் மாமியார் விடவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். இரத்தம் உறைவதற்கான சத்து குழந்தைக்குச் சரியாக எட்டாம் நாளில்தான் உச்சத்தில் இருக்கிறதாம், அதனால்தான் கர்த்தர் எட்டாம் நாளைக் குறித்தாராம். படிக்க நன்றாகத்தான் இருந்தது. குழந்தை மருத்துவரிடம் காட்டினேன். பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே குறைவு, முதல் வாரத்தில் இரத்தக்கசிவு ஆபத்து உண்டு என்பது வரைக்கும் உண்மை என்றார். அதற்காகத்தான் பிறந்தவுடன் அந்த ஊசி. ஆனால் அந்த உறைவுக் காரணிகள் பெரியவர்கள் அளவுக்கு வரச் சுமார் ஆறு மாதம் ஆகுமாம், எட்டாம் நாளில் உச்சம் என்று ஒன்றும் இல்லை. கர்த்தருடைய கட்டளைக்கு ஆய்வகச் சான்றிதழ் தேடுகிற இந்தப் பழக்கம் எனக்கு எப்போதுமே ஒட்டுவதில்லை. ஆபிரகாம் 99 வயதில் செய்துகொண்டார், இஸ்மவேலுக்கு 13 வயது. அவர்களுக்கு எந்த வைட்டமின் கணக்கு?

வேதம் எங்களை விட்டுவிட்டது. இனி இது உடம்பு சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும்தான். அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். எனக்கோ இதுதான் கூடுதல் கஷ்டமாக இருந்தது. கட்டளை என்று ஒன்று இருந்தால் கீழ்ப்படிந்துவிட்டுப் போகலாம். இதில் எங்கள் புத்தியைத்தான் நம்ப வேண்டும்.

என் கணவர் ஏன் அப்படிச் சட்டென்று 'ஆம்' பக்கம் போனார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவருக்கு ஏழு வயதில் இந்த அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. முன்தோல் பின்னால் வரவில்லை, இறுக்கமாக இருக்கிறது என்று மயக்க மருந்து கொடுத்துச் செய்திருக்கிறார்கள். தையல் போட்ட இடம், சிறுநீர் போகும்போது எரிந்தது, குளியலறைக் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதது, பள்ளிக்குப் போகும்போது கால்சட்டை உரசாமல் அகட்டி நடந்ததைப் பார்த்துப் பையன்கள் சிரித்தது, எல்லாம் அவருக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பிறந்தவுடனே செய்துவிட்டால் அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது" என்பதுதான் அவர் வாதம். கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் என்னிடம் சொல்லாத கதை அது. அதற்கு முன்னால் என் வாதம் கொஞ்சம் மெலிந்துதான் தெரிந்தது. "ஞாபகம் இருக்காது, சரி. வலிக்காது என்று சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

குழந்தை மருத்துவர் பொறுமைசாலி. எந்தப் பக்கமும் எங்களைத் தள்ளவில்லை, கணக்கை மட்டும் வைத்தார். செய்யாத ஆண் குழந்தைகளில் முதல் வருடத்தில் ஏறக்குறைய 100-க்கு ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று வரலாம். செய்தவர்களுக்கு அது வெகுவாகக் குறைகிறது. ஆனால் ஒரே ஒரு தொற்றைத் தடுக்க சுமார் 111 குழந்தைகளுக்குச் செய்ய வேண்டியிருக்கும் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது, அந்தத் தொற்றும் மருந்தில் சரியாகக்கூடியது. ஆண்குறிப் புற்றுநோய் குறையும், ஆனால் அது வளர்ந்த நாடுகளில் வருடத்துக்கு லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோய். எச்ஐவி பற்றி நான் கேட்டேன். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த மூன்று பெரிய ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது ஏறக்குறைய 60% குறைந்தது. அதை வைத்துத்தான் 2007-ல் உலக சுகாதார நிறுவனம், எச்ஐவி அதிகமாகப் பரவியிருக்கும் பகுதிகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் தாங்களே சம்மதித்து வந்த பெரியவர்கள் என்பதையும் டாக்டர் சேர்த்தே சொன்னார்.

எதிர்ப்பக்கம்: இரத்தக்கசிவு, தொற்று, தோல் அதிகமாகவோ குறைவாகவோ வெட்டப்படுவது. பயிற்சி உள்ளவர் கையில் இவை அபூர்வம், பெரும்பாலும் சின்னவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-ல், நன்மை ஆபத்தைவிடக் கூடுதல்தான், ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு இல்லை, பெற்றோரே முடிவெடுக்கட்டும் என்றது. கனடா குழந்தை மருத்துவச் சங்கம் 2015-ல், எல்லா ஆண் குழந்தைகளுக்கும் வழக்கமாகச் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை என்றது. ஏறக்குறைய ஒரே ஆய்வுகளைப் படித்தவர்களே இப்படிப் பிரிகிறார்கள் என்றால், எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் ஒருவரை மடையர் என்று சொல்ல முடியாது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

பிறகு கணவர் தன் கதையைச் சொன்னார், தயங்கித் தயங்கி. டாக்டர் கேட்டுவிட்டு, குழந்தைகளுக்கு முன்தோல் இறுக்கமாக இருப்பது பெரும்பாலும் நோயே இல்லை என்றார். 1949-ல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்துப் பார்த்தபோது, 100-க்கு நான்கு பேருக்குத்தான் தோல் முழுக்கப் பின்னால் வந்தது. மற்றவர்களுக்கு வளர வளரத் தானே பிரிகிறது, சிலருக்குப் பதின்வயது வரை ஆகும். உண்மையாகவே சிக்கல் இருந்தாலும் இன்று முதலில் ஸ்டீராய்டு களிம்புதான், நிறையப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். "உங்களுக்கு அன்று தேவைப்பட்டதா என்று நான் சொல்ல முடியாது. உங்கள் மகனுக்குத் தேவைப்படும் என்று அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்" என்றார்.

கணவரை மாற்றியது அதுகூட இல்லை. எப்படிச் செய்வார்கள் என்று அவரே கேட்டார். பிறந்த குழந்தைக்கு முன்தோல் உள்ளே நகம் சதையோடு ஒட்டியிருப்பது போல ஒட்டியிருக்கும்; மரப்பு ஊசி போட்டுவிட்டு, முதலில் மெல்லிய கருவியால் அதைப் பிரித்துவிட்டுத்தான் வெட்டுவார்கள் என்று டாக்டர் விளக்கினார். கணவர் தன் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் வரும்போது, "வேண்டாம். தேவைப்பட்டால் அப்போது பார்க்கலாம்" என்றார். அப்போது என்றால் முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைவூட்டினேன். "தெரியும். நான் பட்டது அதுதானே. அப்படி வந்தால் நான் பக்கத்தில் இருப்பேன்" என்றார். அப்பா ஒரு மாதிரி, மகன் ஒரு மாதிரி இருந்தால் பிள்ளை கேட்பானே என்ற கவலையும் வந்தது. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று அதை விட்டோம்.

எங்கள் இரு குடும்பத்திலும் சிறுநீரகக் கோளாறு கிடையாது, ஸ்கேனிலும் எதுவும் தெரியவில்லை. இருந்திருந்தால் தொற்று ஆபத்து கூடும், நானே செய்யச் சொல்லியிருப்பேன் என்றார் டாக்டர். அதனால் எங்கள் முடிவை அப்படியே யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளை பிறந்தான். மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞானஸ்நானத்தன்று அவர்தான் பிள்ளையைக் கையிலிருந்து இறக்கவே இல்லை.

செய்யாவிட்டால் பராமரிப்பு பெரிய வேலை என்று பலர் சொன்னார்கள். ஒரு வேலையும் இல்லை. வெளியே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும், தோலை இழுக்கவே கூடாது. இழுத்தால் கிழிந்து, ஆறும்போது தழும்பாகி, இல்லாத இறுக்கத்தை நாமே உண்டாக்கிவிடுவோம். இது மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்க வேண்டாம். அவனுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து சிறுநீர் மாதிரி எடுக்கப் போனபோது, அங்கிருந்த நர்ஸ் "சுத்தம் செய்யணும்" என்று சொல்லிக்கொண்டே டயப்பரைத் திறந்து தோலைப் பின்னால் தள்ளப் போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் முறைத்தார், மேலே துடைத்துவிட்டு எடுத்தார். தொற்று இல்லை என்று முடிவு வந்தது. இப்போது அவனை யார் பார்த்துக்கொண்டாலும், டயப்பர் மாற்றும்போது தோலைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடம் கொழுந்தனுக்கு மகன் பிறந்தான். அவர்கள் அதே வசனங்களைப் படித்து, அதே டாக்டரைப் பார்த்துவிட்டு, செய்வது என்று முடிவெடுத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஓரகத்தி கேட்டதால், நாங்கள் கேட்டு வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன்: செய்யப்போகிறவர் இதை அடிக்கடி செய்கிறவரா, வலிக்குச் சர்க்கரைத் தண்ணீரோடு நிறுத்தாமல் மரப்பு ஊசி உண்டா, வைட்டமின் கே போட்டாகிவிட்டதா, குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் இருக்கிறதா. சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழே இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன், ஏனென்றால் அப்படி இருந்தால் அதைச் சரிசெய்ய அந்தத் தோலே தேவைப்படும், வெட்டிவிடக் கூடாது.

பிளாஸ்டிக் வளையம் மாட்டும் முறையில் செய்தார்கள். அது ஒரு வாரத்தில் தானாக உதிர்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி ஓரகத்தி பதறிப்போய் அழைத்தாள். நுனியில் மஞ்சளாக ஏதோ படிந்திருக்கிறதாம், சீழா என்று கேட்டாள். ஆறும்போது மெல்லிய மஞ்சள் படலம் வருவது உண்டு, அதைத் துடைத்து எடுக்காதே, சிவப்பு பரவுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, சிறுநீர் போகிறானா, அதை மட்டும் பார் என்றேன். எல்லாம் சரியாக இருந்தது. இருந்தாலும் காலையில் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். காட்டினாள், அவரும் அதையேதான் சொன்னாராம்.