சரஸ்வதி கோயிலில் கழுவிய நோட்டு

ஆயிரம் யென் நோட்டை மூங்கில் கூடையில் போட்டு, அம்மா தண்ணீர் மொண்டு ஊற்றியபோது எனக்குத்தான் பதறியது.

ஜப்பானின் காமகுராவில் ஸெனிஅராய் பென்டென் கோயில். எங்கள் சுற்றுலாக் கப்பல் யோகோஹாமாவில் ஒரு பகல்தான் நிற்கும் என்பதால் தனியாகக் கார் பேசிக்கொண்டு வந்தோம். பாறையைக் குடைந்த சுரங்கம் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும், தாண்டினால் ஊதுபத்தி வாசனை, குகைக்குள் ஊற்று. அதில் காசைக் கழுவினால் பெருகும் என்று நம்பிக்கை.

பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர், பத்தாயிரம் யென் நோட்டின் ஒரு மூலையை மட்டும் நனைத்து, குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார்.

இந்தக் கோயிலின் பென்டென், அதாவது பென்சைதென், நம்ம சரஸ்வதிதான், பௌத்தத்தோடு சீனா வழியாக வந்தவள், வீணைக்குப் பதில் இங்கே பிவா என்கிற ஜப்பானியத் தந்தி வாத்தியம் வாசிக்கிறாள் என்றேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"சரஸ்வதிகிட்ட போய் பணம் கேட்டா லட்சுமி கோவிச்சுக்க மாட்டாளா?"

என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் கோதோகு-இன் கோயிலின் பெரிய புத்தர் சிலை. 11 மீட்டருக்கும் மேல் உயரம், 1252-இல் வார்க்கத் தொடங்கிய வெண்கலம். மேலே இருந்த மண்டபம் எப்போதோ போய்விட்டது, நூற்றாண்டுகளாக வெயிலிலும் மழையிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். நாங்கள்தான் கப்பலுக்கு நேரமாச்சு என்று பத்து நிமிடத்தில் ஓடினோம்.

கழுவிய பணத்தைச் செலவழித்தால்தான் திரும்பி வருமாம். அம்மா ஒரு டீ கூட வாங்க விடவில்லை. நோட்டு இப்போது கேபினில், திருநீற்றுப் பொட்டலத்துக்கு அடியில் காய்ந்துகொண்டிருக்கிறது.