கையிலிருந்து போனைப் பிடுங்கினதும் பிள்ளை ஏன் கத்துகிறது?

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் நாலு வயசுப் பிள்ளைக்குப் புரியாது. "இந்த வீடியோ முடிஞ்சதும்" என்றால் புரியும். ஆனால் அடுத்த வீடியோவைத் தானாகவே ஓட்டும் ஆட்டோபிளே இருந்தால் எதுவுமே முடியாதே! முதலில் அதை அணையுங்கள்.

யூடியூப் கிட்ஸில் மூலையில் இருக்கும் பூட்டுப் படத்தைத் தொட்டால் டைமர் இருக்கும். பிள்ளை பார்க்கவே வையுங்கள். நேரம் முடிந்ததும் செயலியே பூட்டிக்கொள்ளும். கெட்ட பெயர் அதற்கே போகட்டும். அழுதால் இன்னும் பத்து நிமிஷம் என்று நீட்டினீர்களோ, நாளைக்கு அழுகை முன்கூட்டியே தொடங்கும்.

2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை பார்ப்பது வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019).

பெரிய பிள்ளைகளா? சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுங்கள். "அலாரம் வேணுமே" என்பார்கள். கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். உங்கள் போனும் ஹாலில்தான், சரியா?