அலாரம் அடித்ததா, நின்றதா?

வேறொரு கிளையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருநாள் காலையில், 'ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப்' என்று செய்தி அனுப்பியிருந்தார். ஆஃப் என்றால் நின்றுவிட்டது என்றுதானே பொருள்? 'நல்லதாப் போச்சு, இனி நிம்மதியாக வேலையைப் பாருங்கள்' என்று பதில் போட்டேன். பத்து நிமிடம் கழித்து ஒரு படம் வந்தது. மொத்த அலுவலகமும் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அந்த 'ஆஃப்' மீது எனக்கு ஒரு கண். விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணைகிறது. அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் அலறுகிறது. வெடிகுண்டு என்றால் வெடிக்கிறது, பால் என்றால் கெட்டுப்போகிறது. பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களைக் கண்டு எனக்குப் பயமில்லை, அகராதியில் மடக்கிவிடலாம். இப்படிச் சில்லறையாகத் திரிபவைதான் காலை வாருகின்றன. படிவத்தை 'ஃபில் இன்' செய்தாலும் 'ஃபில் அவுட்' செய்தாலும் ஒன்றுதானாம். 'ஸ்லிம் சான்ஸ்', 'ஃபேட் சான்ஸ்' இரண்டும் அப்படித்தான்: ஒல்லியோ குண்டோ, காரியம் நடக்கப்போவதில்லை.

எழுத்துக்கூட்டல் சந்தேகமெல்லாம் என் மகளுடையது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் 'பி' எதற்கு என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' கிடையாது. லத்தீன் மூலமான 'டெபிட்டும்' மறந்துபோகக் கூடாதென்று பிற்காலப் படிப்பாளிகள் செருகியது. ஆக, கடன் என்ற சொல்லே ஓர் எழுத்தைக் கடன் வாங்கி வைத்திருக்கிறது, இன்னும் திருப்பித் தரவில்லை. 'ஐலண்ட்' இன்னும் மோசம். அதன் 'எஸ்', லத்தீன் வழி வந்த, அதே தீவைக் குறிக்கும் 'ஐல்' என்ற சொல்லைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டுக்கும் பிறப்பால் உறவே இல்லை!

எனக்குப் பிடித்தது, சமைக்கும்போது உடைக்கு மேல் கட்டிக்கொள்ளும் 'ஏப்ரன்'தான். முதலில் அது 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, 'ந' பக்கத்து வீட்டுக்குக் குடிபோய், 'அன் ஏப்ரன்' ஆகிவிட்டது. 'அம்பயர்' கதையும் இதேதான். புணர்ச்சி விதியில் மதிப்பெண் கோட்டைவிட்ட எனக்கு இதைப் படித்ததும் ஓர் அற்ப சந்தோஷம்.

இதையெல்லாம் நேற்று இரவு மகளிடம் பெருமையாக விளக்கிவிட்டு, தமிழில் இந்த மாதிரிக் குழப்பமே கிடையாது என்று வாயை விட்டேன். அப்புறம், "சரி, விளக்கை அணைச்சிட்டுப் படு" என்றேன்.

எழுந்து போனவள், மேசை விளக்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.