மின்மடல் பட்டியல்: முகவரி வாங்குவது முதல் நீக்குவது வரை

ஒரு சிறு பதிப்பகம் மாதம் ஒரு முறை வாசகர்களுக்கு அனுப்பும் மின்மடலை வைத்து இதை எழுதுகிறோம். புதுப் புத்தகத்திலிருந்து ஒரு பகுதி, இரண்டு மூன்று அறிவிப்புகள், அவ்வளவுதான் மடல். அதை 2,000 பேரின் இன்பாக்ஸில் சேர்த்து, அவர்கள் பிரித்துப் படிக்கும்படி வைத்திருப்பதற்குத்தான் இத்தனை வேலை.

ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில், ஸ்டாலில் நோட்டு வைத்து மின்னஞ்சல் எழுதி வாங்குவது பழைய வழக்கம். அந்த நோட்டை நம்ப வேண்டாம். கையெழுத்தில் ஆங்கில ஓ-வும் சுழியமும் ஒன்றுபோல் இருக்கும். அண்டர்ஸ்கோர் போட்டிருந்தால் தாளின் கோட்டோடு கோடாக மறைந்துவிடும். இப்படிப் பிழையாகப் பதிந்த முகவரி யாருக்கும் சொந்தமில்லை என்றால் மடல் திரும்பி வரும், அதோடு சரி. வேறு யாருக்காவது சொந்தமானது என்றால்தான் வம்பு. கேட்காத மடல் வந்தவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். பில் போடும் மேசையில் க்யூஆர் அட்டை ஒன்றை நிறுத்தி வைத்தால் வாசகரே தன் போனில் தட்டிவிடுவார். பெயரும் முகவரியும் போதும், போன் எண் கேட்காதீர்கள்.

பதிந்தவுடன் ஓர் உறுதிப்படுத்தும் மடல் போக வேண்டும், அதில் அவர் 'ஆம்' என்ற பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும். இதனால் எண்ணிக்கை குறையும் என்று பலர் தயங்குகிறார்கள். குறையட்டும். ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. அலுவலக மின்னஞ்சல்களில் உள்ள பாதுகாப்பு மென்பொருள், மடல் வந்ததுமே அதிலுள்ள லிங்க்குகளை எல்லாம் தானே திறந்து பார்க்கும். லிங்க்கைத் திறந்தாலே உறுதியாகிவிடும்படி வைத்திருந்தால், மனிதர் யாரும் பார்க்காமலே சந்தா உறுதியாகிவிடும். திறக்கும் பக்கத்தில் தனியே ஒரு பொத்தான் வையுங்கள். விலகும் லிங்க்குக்கும் இதே ஏற்பாடு வேண்டும், இல்லையென்றால் ஆசையாகப் படிப்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் விலகிப்போவார்கள்.

அடுத்தது டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர். ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறொரு சேவை வழியே மொத்தமாக அனுப்பினால், அனுப்புநர் பெயர் உண்மைதானா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் தோற்கும். சொந்த டொமைன் கட்டாயம். அதன் டிஎன்எஸ்-இல் (டொமைனின் விவரங்களைச் சொல்லும் இணைய ஏடு) எஸ்பிஎஃப் (நம் பெயரில் அனுப்பலாம் என்று அனுமதித்த சர்வர்களின் பட்டியல்), டிகிம் (மடலில் இடும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க), டிமார்க் என்று மூன்று பதிவுகள் வேண்டும். நாளொன்றுக்கு 5,000 ஜிமெயில் முகவரிகளுக்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது. குறைவாக அனுப்பினாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது எஸ்பிஎஃப்-இல்தான். அலுவலக மெயிலுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கும், அனுப்பும் சேவை கேட்கிறது என்று புதிதாக இன்னொன்றைச் சேர்த்துவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் செல்லும், இரண்டு இருந்தால் இரண்டுமே வீண். இரண்டையும் ஒரே வரியில் இணைக்க வேண்டும். அந்த வரியால் நடக்கும் டிஎன்எஸ் தேடல்களும் 10-ஐத் தாண்டக் கூடாது. முடித்ததும் உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும்.

ஸ்பேம் புகாரை 0.10 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது கூகுள், 0.30-ஐத் தொடவே கூடாது. 2,000 ஜிமெயில் இன்பாக்ஸ்களில் 6 பேர் அழுத்தினாலே 0.30 ஆகிவிடும். மனது வைத்துச் சேர்த்த ஒரு பட்டியல் ஆறு விரல்களால் கெட்டுப்போகலாம். அதனால்தான் விலகும் லிங்க்கை மடலின் அடியில் மட்டுமல்ல, மேலேயும் வைக்கச் சொல்கிறோம். வெளியேற வழி தெரியாதவர்தான் ஸ்பேமை அழுத்துகிறார்.

தமிழ் மடலுக்கு இது இன்னும் முக்கியம். மடலின் அளவு சுமார் 102 கேபி-யைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிடும், அடியில் இருக்கும் விலகும் லிங்க்கும் அதோடு போய்விடும். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து குறி: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. எழுத்துகளைக் கணினியில் பதியும் வழக்கமான முறையான யுடிஎஃப்-8-இல் குறிக்கு 3 பைட் வீதம் 15 பைட். சில எடிட்டர்கள் ஒவ்வொரு குறியையும் ஆம்பர்சாண்டில் (&) தொடங்கும் எண்ணாக மாற்றி வைக்கும், அப்போது குறிக்கு 7 பைட், அதே சொல் 35 பைட். வேர்டிலிருந்து அப்படியே ஒட்டினால் அதன் வடிவக் குப்பையும் கூடவே வரும். நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்துப் போடுங்கள்.

தலைப்பில் கறுப்பு வைரக் கேள்விக்குறி தெரிந்தால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். தமிழ்த் தலைப்பு துண்டு துண்டாக மாற்றித்தான் அனுப்பப்படும். ஒரு துண்டில் வழக்கமாக 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறிகள் பிடிக்கும். இடைவெளி மட்டும் 1 பைட். நடுவில் ஒன்றிரண்டு இடைவெளி வந்தால் கணக்கு பிசகி, 45-ஆவது பைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் மென்பொருள் ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். சேவையை முடிவு செய்யும் முன்பே நீளமான தமிழ்த் தலைப்பு ஒன்றை அனுப்பிச் சோதியுங்கள்.

திரும்பி வரும் மடல்களை, அவற்றில் உள்ள பிழைக் குறியீட்டு எண்ணைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். 5.1.1 என்றால் அந்த முகவரியே இல்லை, உடனே நீக்கலாம். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, தொடர்ந்து மூன்று மாதம் வந்தால் நீக்குங்கள். 5.7-இல் தொடங்குபவற்றில் பெரும்பாலும் வாசகர் முகவரியில் குறையே இல்லை, நம் டொமைன் அமைப்பிலோ அதன் நற்பெயரிலோதான் கோளாறு. 5-இல் தொடங்கும் எல்லாவற்றையும் மொத்தமாக நீக்கினால் நல்ல வாசகர்களை இழப்போம்.

யார் படிக்கிறார்கள் என்பதற்கு 'திறந்தவர்' கணக்கு இனி உதவாது. மடலில் உள்ள ஒரு படம் இறங்குவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு எடுக்கப்படுகிறது. 2021 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 15 முதல், ஆப்பிள் மெயில் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் படிக்காதவரும் திறந்தவராகத் தெரிவார். கிளிக்கையும் பதில் மடலையும்தான் பார்க்கிறோம். அதற்கு மடலில் இடம் வேண்டும். நூல் பகுதியை முழுதும் போடாமல் தொடர்ச்சிக்கு ஒரு லிங்க் கொடுங்கள், கடைசியில் பதில் எழுதத் தோன்றும்படி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் மறுபதில் போட வேண்டும், அதில் சோம்பல் கூடாது.

ஆறு மாதம் எந்த அசைவும் இல்லாதவருக்கு 'இன்னும் அனுப்பலாமா?' என்று ஒற்றைப் பொத்தானோடு ஒரு மடல். இரண்டு வாரம் பொறுத்து, பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுகிறோம். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது, அமைதியாக இருப்பவற்றில் சில அப்படிப் போனவையாகவும் இருக்கும்.

நீக்கியவர்களின் முகவரியை அழித்துவிடாதீர்கள். 'அனுப்பக் கூடாதவர்' என்று தனிப் பட்டியலில் வையுங்கள். அடுத்த ஜனவரியில் யாராவது பழைய எக்செல் கோப்பை எடுத்து ஏற்றும்போது, விலகியவரை மறுபடி உள்ளே விடாமல் தடுப்பது அந்தப் பட்டியல்தான்.